ஹூஸ்டனில் ஒரு புதுப்பேட்டை!

'டக்' என்று ஒரே ஒரு சத்தம்தான். ஹூஸ்டனில் வந்து இறங்கி ஒரு ராத்திரி முழுசாகத் தூங்கவில்லை... அதற்குள் நண்பனின் டிரக்கில் ஒரு சாமானை உடைத்துவிட்டேன்!

நண்பன் என்றால் சாதாரண நண்பன் இல்லை. திருவல்லிக்கேணி மேன்ஷனில் எட்டுக்குப் பத்து ரூமில் நாலு வருஷம் என்னோடு குப்பை கொட்டியவன். ஒரே ஹேங்கரில் ரெண்டு பேர் சட்டையும் தொங்கும். இப்போது அமெரிக்காவில் வேலை, வீடு, வீட்டு வாசலில் மனைவிக்கு ஒரு டொயோட்டா, அவனுக்கு 2002-ம் வருஷத்து செவர்லே சில்வராடோ பிக்கப். நம்மூர் குட்டி யானையைப் பார்த்துவிட்டு பிக்கப் என்றால் இதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். இது நிஜ யானை சார்!

பின்னால் திறந்த தொட்டி. முன்னால் ஒரே வரிசை சீட். அதை 40-20-40 என்று பிரித்திருக்கிறார்கள். டிரைவருக்கு நாற்பது சதவிகிதம், ஜன்னலோரத்துக்கு நாற்பது, நடுவில் மாட்டிக்கொள்கிற பாவப்பட்ட ஜென்மத்துக்கு இருபது! நடுவில் ஆள் இல்லாவிட்டால் அந்த இருபதின் முதுகை முன்பக்கம் மடக்கிவிடலாம். கை வைத்துக்கொள்ளத் திண்டு ஆகிவிடும். அதில் ஒரு மூடி, மூடிக்குள் சின்னப் பெட்டி, காபி டம்ளர் வைக்கப் பள்ளம்.

ஏர்போர்ட்டிலிருந்து வீட்டுக்கு வந்ததும், அந்த மூடியின் மேல் முழங்கையை ஊன்றி, பின்கண்ணாடி வழியாகத் தொட்டியில் என் சூட்கேஸ் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். எழுபத்தெட்டு கிலோவும் ஒரு முழங்கையில்! கீல் பிய்த்துக்கொண்டு மூடி கையோடு வந்துவிட்டது.

"விடு மாப்ளே... இருபது வருஷத்துக்கு மேல வெயில்ல காய்ஞ்ச பிளாஸ்டிக். இன்னிக்கு இல்லாட்டி நாளைக்கு எவனாவது உடைச்சிருப்பான்" என்றான். 'எவனாவது' என்கிற வார்த்தையைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னான்.

மறுநாள் காலை காபி குடிக்கும்போது முகத்தில் புது வெளிச்சம். "நடு சீட்டையே தூக்கிட்டு கன்சோல் போட்டுரலாம்டா! ரொம்ப நாளா நெனச்சிக்கிட்டிருந்தேன். நீ நல்ல நேரத்துல உடைச்சே."

கன்சோல் என்றால் ஏதோ கம்ப்யூட்டர் சமாசாரம் என்று பயப்பட வேண்டாம். காரில் முன் சீட் ரெண்டுக்கும் நடுவில் நீளமாக ஒரு பெட்டி இருக்குமே... மேலே கை வைத்துக்கொள்ளலாம், உள்ளே சில்லறை, சார்ஜர், டோல் ரசீது, பாதி சாப்பிட்ட பிஸ்கட் எல்லாம் கிடக்கும். அதுதான். காரின் அஞ்சறைப் பெட்டி!

"கியர் எங்கேடா போகும்?" என்று கேட்டேன். அங்கேதான் வசதியே. இந்த டிரக்கில் கியர் கம்பி தரையில் இல்லை, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறது. நம்மூரில் பழைய அம்பாசடரில் இருந்த அதே ஏற்பாடு. அம்பாசடர் முன் சீட்டும் ஒரே பெஞ்சுதான். டிரைவரோடு மூணு பேர் என்பது கணக்கு. முகூர்த்த நாளில் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் அந்தக் கணக்கை மதித்ததாக நினைவில்லை. அந்த வண்டியும் 2014-ல் உற்பத்தி நின்று ரிட்டையர் ஆகிவிட்டது. அமெரிக்கக் கார்களில் அதற்கு ஒரு வருஷம் முன்னாடியே சங்கு ஊதியாகிவிட்டது. 2013-ம் வருஷத்து இம்பாலாதான் முன்னால் பெஞ்சு சீட் வைத்து வந்த கடைசிக் கார். டிரக்குகளில் மட்டும் இன்னும் அந்த வழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஒரு மனுஷன் உட்காரும் இடத்தை ஒரு பெட்டிக்கும் ரெண்டு டம்ளருக்கும் கொடுப்பார்களா என்று நீங்கள் கேட்கலாம். இந்த ஊரில் டம்ளர் சாதாரண விஷயம் இல்லை. 1992-ல் நியூ மெக்ஸிகோவில் 79 வயசுப் பாட்டி ஒருவர், பேரன் காரில் உட்கார்ந்து ஹாம்பர்கர் கடைக் காபியை வாங்கியிருக்கிறார். காரில் டம்ளர் வைக்க இடம் இல்லை. முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு மூடியைத் திறந்தார். மொத்தக் காபியும் மடியில்! தோல் ஒட்டுப் போடும் அளவுக்குக் காயம். கேஸ் நடந்து, 1994-ல் ஜூரி கொடுக்கச் சொன்னது 28 லட்சம் டாலருக்கு மேல். நீதிபதி அதை 6 லட்சத்து 40 ஆயிரமாகக் குறைக்க, கடைசியில் ரெண்டு தரப்பும் வெளியே சொல்லாத ஒரு தொகைக்கு சமாதானமாகப் போய்விட்டார்கள். இதைச் சொல்லிவிட்டு நண்பன் உடைந்த மூடியை அர்த்தத்தோடு பார்த்தான்.

"அது சரி, நடு சீட்டை எடுத்துட்டா நான் எங்கேடா உக்கார்றது?"

"பன்னெண்டு நாள் இருக்கப்போறவன் பேசற பேச்சா இது?"

"அண்ணே, நீங்க என் கார்ல வாங்க" என்றார் தங்கச்சி. (நண்பனின் மனைவி. என்னை அண்ணே என்று கூப்பிட்ட பிறகு வேறெப்படிச் சொல்வது?) "அந்த வண்டியில ஏறி இறங்க ஏணி வேணும்."

ஆக, உடைத்த குற்றத்துக்கு உதவியாளாகப் புறப்பட்டேன்.

*

போன இடம் ஊருக்கு வெளியே, தகரத் தடுப்பு போட்ட ஒரு பெரிய பொட்டல். பழைய கார்களைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். வேண்டியதை நாமே கழற்றிக்கொண்டு, வாசலில் காசு கொடுத்துவிட்டுப் போகலாம். பார்த்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை. புதுப்பேட்டை! கூவம் வாசனை மட்டும்தான் இல்லை.

ஆனால் புதுப்பேட்டையில் நாம் 'ஸ்ப்ளெண்டர் ஹெட்லைட் டூம்' என்று வாயைத் திறப்பதற்குள் பத்து பேர் "என்னா சார் வேணும்?" என்று கையைப் பிடித்து இழுப்பார்கள். பொருள் எங்கிருந்தோ ஓடி வரும். விலை, நம் சட்டையைப் பார்த்துச் சொல்லப்படும். இங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை. சுவரில் பெரிய விலைப் பலகை. கதவு இவ்வளவு, கண்ணாடி இவ்வளவு, கன்சோல் 45 டாலர். அது பணக்காரன் காரில் கழற்றினாலும் அதே விலை, ஓட்டைக் காரில் கழற்றினாலும் அதே விலை. கம்யூனிஸம் பூத்துக் குலுங்குவதை அமெரிக்காவில் நான் பார்த்த ஒரே இடம் இதுதான்.

உள்ளே போகவே ஆளுக்கு ரெண்டு டாலர். அடிபட்டால் நாங்கள் பொறுப்பில்லை என்று ஒரு பேப்பரில் கையெழுத்து. கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தால், கவுண்ட்டரில் இருந்த அம்மணி என் காலைப் பார்த்துத் தலையை ஆட்டினார். செருப்புப் போட்டுக்கொண்டு போகக் கூடாதாம்! டிரக்கின் சீட்டுக்குப் பின்னால் நண்பனின் பழைய பூட்ஸ் ஒரு ஜோடி கிடந்தது. என் காலுக்கு ரெண்டு சைஸ் பெரிசு. அன்று முழுக்க நான் நடந்தது ஒரு திசை, பூட்ஸ் நடந்தது ஒரு திசை.

உள்ளே பாருங்கள்... வரிசை வரிசையாகக் கார்கள், கண்ணுக்கெட்டிய தூரம் வரை! ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒரு தெரு, ஃபோர்டுக்கு ஒரு தெரு, ஜப்பான்காரர்களுக்குத் தனி அக்கிரகாரம். எந்தக் காருக்கும் டயர் தரையில் படவில்லை. இரும்பு வீல்களை ஒன்றோடு ஒன்று வெல்டிங் செய்து, அந்த முக்காலிகள் மேல் தூக்கி வைத்திருக்கிறார்கள். வந்ததும் பெட்ரோல், ஆயில், ஏ.ஸி. வாயு எல்லாவற்றையும் வடித்துவிடுகிறார்கள். பேட்டரியையும் எடுத்துவிடுகிறார்கள். (இந்தப் பேட்டரி விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.) ஜாக்கி கொண்டுபோகக் கூடாது, கேஸ் கட்டர் கூடாது. ஸ்பேனர் செட்டும் தள்ளுவண்டியும்தான்.

காருக்கு இங்கே சில வாரம்தான் ஆயுசு. ஆளுக்கு ஒன்றாகப் பிய்த்தது போக மிச்சத்தை நசுக்கி, தூள் தூளாக்கி, காந்தம் வைத்து இரும்பைப் பிரித்து, உருக்கு ஆலைக்கு அனுப்பிவிடுகிறார்கள். அமெரிக்காவில் தயாராகிற உருக்கில் பெரும்பங்கு இப்படிப் பழைய இரும்பை மின் உலையில் உருக்கி வருவதுதானாம்.

எங்களுக்கு வேண்டியது சில்வராடோ இல்லை. டாஹோ! ரெண்டும் ஒரே அடிச்சட்டத்தில் பிறந்த அண்ணன் தம்பிகள். 1999-லிருந்து வந்த அந்தக் குடும்பத்துக்கே ஜி.எம்.டி. 800 என்று கம்பெனிக்குள் பெயர். தம்பி டாஹோ பணக்கார வீட்டில் வாழ்க்கைப்பட்டவன். தனித்தனி சீட், நடுவில் பெரிய கன்சோல். தரை அமைப்பு ஒன்றுதான் என்பதால் அதைக் கொண்டுவந்து இதில் உட்கார வைத்துவிடலாம். நிறம்தான் தகராறு. சாம்பலிலேயே ரெண்டு மூணு சாம்பல், பழுப்பிலே ரெண்டு பழுப்பு. நண்பன் தன் வண்டியின் டாஷ்போர்டு பெட்டிக்குள் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை போட்டோ பிடித்து வந்திருந்தான். வண்டி ஃபேக்டரியிலிருந்து என்னென்ன சாமானோடு வந்தது என்று அதில் எழுத்தும் நம்பருமாக அச்சடித்திருக்கிறது. ஜாதகம் மாதிரி அதைக் கையில் வைத்துக்கொண்டு டாஹோ டாஹோவாகப் பொருத்தம் பார்த்தோம்.

முதல் டாஹோவில் கன்சோலை யாரோ ஏற்கெனவே கொண்டுபோயிருந்தார்கள். ரெண்டாவதில் மூடி உடைந்திருந்தது. (என்னை மாதிரி ஒரு அண்ணன் அங்கேயும் வந்திருப்பான்.) மூணாவது பளபளவென்று இருந்தது. நான் ஸ்பேனரை எடுத்துவிட்டேன். நண்பன் மட்டும் குனிந்து கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கி முகர்ந்தான்.

"வேணாம்டா. தண்ணியில முழுகின வண்டி."

கார்ப்பெட்டுக்கு அடியில் பொடிப்பொடியாகக் காய்ந்த சேறு. சீட் ஓடுகிற தண்டவாளம் முழுக்கத் துரு. 2017 ஆகஸ்ட்டில் ஹார்வி புயல் இந்த ஊரில் நாள்கணக்கில் கொட்டித் தீர்த்தபோது, லட்சக்கணக்கில் வண்டிகள் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டன. அதிலிருந்து பழைய வண்டி என்றால் முகர்ந்து பார்ப்பது ஹூஸ்டன்வாசிகளுக்கு வழக்கமாகிவிட்டது என்றான். 2015 டிசம்பருக்குப் பிறகு நம் வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கியவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நாலாவது டாஹோவில் ஜாதகம் பொருந்தியது. சாம்பலும் அதே சாம்பல். கன்சோலைத் திறந்தால், மொளகாய் சாஸ் பாக்கெட் பதினாலு, எழுதாத பேனா மூணு, குழந்தையின் ஒற்றைச் செருப்பு, முப்பத்தேழு சென்ட் சில்லறை. சில்லறையை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "அது கழட்டறவனுக்குச் சேர வேண்டிய படி" என்றான். சாஸை விட்டுவிட்டோம்.

அடியில் கிடந்த ரப்பர் மேட்டை எடுத்தால் ஒளிந்திருந்த போல்ட்டுகள் தெரிந்தன. கழற்றியாயிற்று. அப்படியும் பக்கவாட்டில் ஒரு போல்ட் ஆட்டம் காட்டியது. சீட்டைப் பின்னால் தள்ளினால்தான் ஸ்பேனர் போகும். தள்ளலாம் என்றால்... பவர் சீட்! பட்டனை அமுக்கினால் மோட்டார் நகர்த்தும். மோட்டாருக்கு கரண்ட்? பேட்டரியைத்தான் வாசலிலேயே கழற்றிவிட்டார்களே!

அரை மணி நேரம் அந்த சீட்டை நாங்கள் ரெண்டு பேரும் தள்ளினோம், இழுத்தோம், கெஞ்சினோம். ஒரு இஞ்ச் நகரவில்லை. பக்கத்து வண்டியில் ரேடியேட்டர் கழற்றிக்கொண்டிருந்த ஒரு மெக்ஸிகோக்காரர் இதைக் கொஞ்ச நேரம் சினிமா மாதிரிப் பார்த்தார். அப்புறம் எழுந்து வந்து, டிரில் மிஷின் பேட்டரியிலிருந்து ரெண்டு ஒயரை சீட்டுக்கு அடியில் போகிற கனெக்டரில் வைத்தார். 'ஙொய்ய்ய்' என்று சீட் பின்னால் போனது! எனக்குத் தெரிந்த ஒரே ஸ்பானிஷ் வார்த்தை 'கிராசியாஸ்'. நாலு தடவை சொன்னேன். புதுப்பேட்டை ஆட்கள் எந்த ஊரிலும் இருக்கிறார்கள்.

மஞ்சள் உறை போட்ட ஒயரை மட்டும் தொடாதே என்று சைகையில் எச்சரித்துவிட்டுப் போனார். மஞ்சள் என்றால் ஏர்பேக் ஒயர். பேட்டரி இல்லாத வண்டியானாலும் அதோடு விளையாடக் கூடாதாம்.

*

வீட்டு வாசலில் சில்வராடோவை நிறுத்தி, முதல் வேலையாக பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தோம். இதுவும் அந்த ஏர்பேக் மரியாதைதான். பிறகு நடு சீட்டின் போல்ட்டுகளைக் கழற்றி, ரெண்டு பேருமாகத் தூக்கி சிமென்ட் தரையில் வைத்தோம். சின்ன சீட்தானே என்று தூக்கினால்... இடுப்பு சொல்லியது அது எவ்வளவு கனம் என்று.

சீட் இருந்த இடத்தில் தூசி, பீக்கன் கொட்டைத் தோடு, ஒரு பத்து சென்ட் காசு, கறுப்பு ஹேர்பின் ஏழெட்டு. கழற்றிய போல்ட்டோடு அவற்றையும் ஒரு டப்பாவில் போட்டேன்.

கன்சோலை உள்ளே இறக்கினோம். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. ஆனால் ஆடியது! தரையில் பிடிக்கிற இரும்புத் தாங்கியை டாஹோவிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறோம். மறுபடி யார்டு, மறுபடி ஆளுக்கு ரெண்டு டாலர், மறுபடி பூட்ஸ். சாயங்காலம் திரும்பி வந்து முடுக்கி, நிமிர்ந்து பார்த்தால்... அட, நிஜமாகவே அழகாக இருந்தது. நண்பன் ரெண்டு டம்ளர் காபியை அதில் வைத்துவிட்டு, கல்யாண ஆல்பம் பார்ப்பது போல் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் எதிர்வீட்டுப் பெரியவர் கைத்தடியோடு சாலையைக் கடந்து வந்தார். இந்த டிரக்கை ஆறு வருஷத்துக்கு முன்பு நண்பனுக்கு விற்றவரே அவர்தான். கன்சோலைப் பார்த்து, "நல்ல வேலை" என்றார். பிறகு தரையில் கிடந்த நடு சீட்டைப் பார்த்தார். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஜன்னலோர சீட்டின் துணி இன்றைக்கும் புத்தம்புதுசு. நடு சீட்டின் துணிதான் தேய்ந்து நூல் பிரிந்திருந்தது. நண்பனும் கவனித்திருக்கிறான். பெரியவர் நாய் வளர்த்திருப்பார், அது அங்கே படுத்துத் தேய்த்திருக்கும் என்று ஆறு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தானாம்!

"அது என் மனைவியின் இடம்" என்றார் பெரியவர். கல்யாணமான புதிதில் அவரிடம் இருந்ததும் பெஞ்சு சீட் டிரக்தான். அன்றைக்குப் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தவர், அப்புறம் எத்தனை வண்டி மாறியும் ஜன்னலோரத்துக்குப் போகவே இல்லையாம். 'இந்தப் பக்கம் இவ்வளவு இடம் காலியாக இருக்கிறதே, உங்களுக்கென்ன பைத்தியமா?' என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கிண்டல் செய்வார்களாம். பெஞ்சு சீட் வேண்டும் என்பதற்காகவே 2002-ல் இந்த மாடலைக் கேட்டு வாங்கியிருக்கிறார். அவர் போன பிறகு வண்டியை ஓட்ட மனசு வராமல் விற்றுவிட்டார்.

போல்ட் டப்பா டிரக்கின் பானெட் மேல் இருந்தது. பெரியவர் அதற்குள் எட்டிப் பார்த்து, ஒரே ஒரு ஹேர்பின்னை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "வண்டி உன்னுடையது. காபிக்கு இதுதான் வசதி" என்று நண்பனின் தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த தங்கச்சி இறங்கி வந்தார்.

"ஏங்க... அதைத் திரும்ப மாட்டுங்க."

"எதை?"

"சீட்டை."

"ஏய், காலையிலேருந்து ரெண்டு தடவை போய்..."

"நாளைக்கு மாட்டினாக்கூடப் போதும்."

நண்பன் என்னென்னவோ வாதம் பண்ணினான். நடுவில் இடுப்பு பெல்ட்தான் இருக்கு, தோள் பெல்ட் இல்லை, பாதுகாப்பு கம்மி என்றான். (அது வாஸ்தவம்தான். இன்றைக்கும் எனக்கு அதில் சமாதானம் இல்லை.) கன்சோலுக்குக் கொடுத்த காசு என்றான். மூடிதான் உடைஞ்சு கிடக்கே என்றான். "மூடிதானே? அது அங்கே கிடைக்காதா?" என்றார் தங்கச்சி. கல்யாணமான நண்பர்களுக்குத் தெரியும், இதற்கு மேல் வாதம் கிடையாது.

மறுநாள் மூணாவது தடவையாக யார்டு வாசலில் போய் நின்றோம். கவுண்ட்டர் அம்மணி என் காலைப் பார்க்கவே இல்லை. பழகிவிட்டது.

செலவு முழுக்க என்னுடையது என்று சண்டை போட்டு வாங்கிக்கொண்டேன். கணக்கைக் கேளுங்கள். ரெண்டு பேருக்கு மூணு தடவை நுழைவுக் கட்டணம் 12 டாலர். கன்சோல் 45, தாங்கி 6, ஒரு சில்வராடோவில் கழற்றிய மூடி 10. சாமான்களுக்கு எட்டேகால் சதவிகித வரி. மொத்தம் 78 டாலர் 4 சென்ட். கிலோவுக்கு ஒரு டாலர்!

நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மூணு பேரும் சில்வராடோவில் கால்வெஸ்டன் போனோம். ஐம்பது மைல். கடல் முகத்துவாரத்தைத் தாண்டி அக்கரைக்கு அரசாங்கமே படகு விடுகிறது. வண்டியோடு ஏற்றிக்கொண்டு போகிறார்கள், பைசா வாங்குவதில்லை! வரிசையில் காத்திருந்து படகில் ஏறினோம். கடற்பறவைகள் கூட்டமாகப் பின்னாலேயே வந்தன. நான் ஜன்னலோரம். தங்கச்சி நடுவில். நண்பன் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் காபி டம்ளரை வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தான்.

"இப்படிக் குடுங்க" என்று வாங்கி வைத்துக்கொண்டார் தங்கச்சி.

கன்சோல் இப்போது அவர்கள் கராஜில் இருக்கிறது. போன வாரம் போன் பண்ணியபோது விசாரித்தேன். ஒரு அறையில் சின்ன வெங்காயம், ஒரு அறையில் பூண்டு, டம்ளர் பள்ளத்தில் ரெண்டு எலுமிச்சம்பழமாம்.